காலையில் ஓடும், சாயங்காலம் ஓடாது: ஒரு பேட்டரி புல்வெட்டும் மெஷின்

"காலையில ஓடுது, சாயங்காலம் ஓட மாட்டேங்கு. பேட்டரி போயிட்டுன்னு சொல்லுதாவ. நீங்க ஒரு எட்டு வந்து பாருங்க தம்பி." கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த மே மாதத்தில் ஒருநாள் ரிட்டயர்டு டீச்சர் ஒருவர் போனில் சொன்னது இவ்வளவுதான். இந்த மூன்று வாக்கியத்தில் முதல் வாக்கியம்தான் முழு நோயும். அது எனக்குப் புரிய பத்து நாள் ஆனது.

பாளையங்கோட்டையில் மோட்டார் காயில் கட்டுகிறேன், மிக்சி கிரைண்டர் பார்க்கிறேன், அப்புறம் வயலுக்கு மருந்தடிக்கிற பேட்டரி ஸ்பிரேயர் ரிப்பேர். முன்னீர்பள்ளம், சிவந்திப்பட்டி, ரெட்டியார்பட்டி பக்கத்திலிருந்து வாரத்துக்கு நாலு ஸ்பிரேயராவது கடைக்கு வரும். பேட்டரியில் ஓடும் புல்வெட்டும் மெஷின் வருவது அபூர்வம். நம் ஊரில் புல்வெளி வைத்திருப்பதே சில பள்ளிக்கூடம், சர்ச் வளாகம், கொஞ்சம் வீடுகள்தான், பெரிய இடங்களில் பெட்ரோல் மெஷின்தான் ஓடுகிறது. இப்படி ஒன்று கைக்கு வரும்போது கேட்டுக்கொள்ள ஆளும் இல்லை, தமிழில் படிக்கவும் எதுவும் அகப்படவில்லை. அதனால்தான் நான் தப்பாக முடிவு கட்டிய இடத்தையும் விடாமல் முழுசாக எழுதுகிறேன்.

வீடு பெருமாள்புரம் பக்கம். முன்னால் நாலு சென்ட் அளவுக்குப் புல்வெளி, கொரியன் கிராஸ், நடுநடுவே கோரை ஏறியிருக்கிறது. மெஷின் 2022-ல் ஆன்லைனில் வாங்கியது. 36 வோல்ட், 4 ஏ.எச். (ஆம்பியர் ஹவர்) லித்தியம் பேட்டரி, கழற்றி மாட்டுகிற வகை. உள்ளே பத்து செல் வரிசையாகவும் அதுபோல் இரண்டு வரிசை இணையாகவும், ஆக இருபது செல். முழு சார்ஜில் 42 வோல்ட் காட்டும், மொத்தக் கொள்ளளவு 144 வாட் ஹவர். பிரஷ் இல்லாத மோட்டார். கைப்பிடி இரண்டாக மடியும். மடித்தால்தான் பின்பக்கத்துத் தகரக் கொட்டகைக்குள் நுழையும், ஏனென்றால் கொட்டகை மேற்குப் பார்த்தது, குறுகல். தோட்ட வேலைக்கு வருகிற அண்ணாச்சி திங்களும் வியாழனும் காலை ஆறரைக்கு வருவார், செவ்வாயும் சனியும் வேறு வீட்டு வேலை முடித்துவிட்டு சாயங்காலம் நாலரைக்கு மேல் வருவார்.

எனக்கு முன்னால் ஒரு கடையில் பார்த்திருக்கிறார்கள். "பேட்டரி செத்துப்போச்சு, புதுசு 11,000 ரூபாய்" என்று சொல்லியிருக்கிறார்கள். டீச்சரின் சொந்தக்காரர் ஒருவர் வேறு காரணம் சொன்னார்: 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பேய்மழை பெய்து தாமிரபரணி கரை புரண்டதே, அப்போது கொட்டகைக்குள்ளும் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது, அதுதான் மோட்டாருக்குள் போயிருக்கும் என்று. இரண்டுமே கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருந்தது.

ஸ்டார்ட் ஆக எத்தனை பேர் சம்மதிக்க வேண்டும்

பெட்ரோல் மெஷினில் கயிற்றை இழுத்தால் சத்தம், புகை, வாசனை என்று ஏதாவது ஒரு துப்பு கிடைக்கும். பேட்டரி மெஷின் அப்படியில்லை. வரிசையாக நாலைந்து பேர் சரி என்று சொன்னால்தான் அது கிளம்பும். ஒருவர் மறுத்தாலும் அமைதியாக நிற்கும், மறுத்தது யார் என்றும் சொல்லாது. ஆகையால் அந்த வரிசையைத் தெரிந்துகொள்வதுதான் பாதி வேலை.

முதலில் பேட்டரி பெட்டிக்குள் 'டக்' என்று உட்கார வேண்டும். உட்கார்ந்த மாதிரி தெரிந்தும் ஒரு நூல் தூக்கி நின்றால் கரண்ட் வராது. அடுத்தது பாதுகாப்புச் சாவி, அதைச் செருகாமல் எதுவும் நடக்காது. கைப்பிடியை முழுக்க விரித்துப் பூட்டினால்தான் ஓடும் என்று சில மெஷினில் மடிப்பிலேயே ஒரு சுவிட்ச் வைத்திருப்பார்கள், இந்த மெஷினில் அது இல்லை. அப்புறம் கைப்பிடியில் உள்ள பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டே லீவரை இழுக்க வேண்டும். லீவரை முதலில் இழுத்துவிட்டுப் பட்டனை அமுக்கினால் பல மெஷின்கள் கிளம்பாது. ஓட ஆரம்பித்ததும் பட்டனை விட்டுவிடலாம், லீவரை விட்டால் பிளேடு நின்றுவிடும். இவ்வளவும் ஆனபிறகு உள்ளேயிருக்கிற கன்ட்ரோலர் போர்டு பேட்டரியின் வோல்டேஜைப் பார்க்கும், சூட்டைப் பார்க்கும், பிளேடு சுற்ற ஆரம்பித்ததும் எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்கும். முழங்கால் உயரப் புல்லுக்குள் வைத்து ஸ்டார்ட் பண்ணினால் பிளேடு திணறும், போர்டு உடனே வெட்டிவிடும். உயரத்தைக் கூட்டி வைத்து, ஏற்கெனவே வெட்டிய இடத்தில் நிறுத்தி ஸ்டார்ட் பண்ணிவிட்டு அப்புறம் புல்லுக்குள் தள்ள வேண்டும்.

அடியில் கைவைக்கும் முன்னால் சாவியையும் பேட்டரியையும் இரண்டையும் கழற்றிவிடுங்கள். சாவி மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். ஓடாத மெஷின் எப்போது ஓடும் என்று யாருக்கும் தெரியாது, விட்டுவிட்டு வரும் கோளாறு உள்ள மெஷின் என்றால் ஆபத்து இன்னும் அதிகம். கை உள்ளே இருக்கும்போது கிளம்பிவிட்டால் விரல் திரும்பக் கிடைக்காது. இதை நான் கண்டிப்பாகச் சொல்கிறேன்.

முதல் நாள்

சாயங்காலம் ஐந்து மணிக்குப் போனேன். அண்ணாச்சி இருந்தார். "அண்ணாச்சி, நீங்க எப்பவும் பண்ற மாதிரியே ஸ்டார்ட் பண்ணுங்க, நான் கை வைக்கல, பார்த்துக்கிட்டு மட்டும் இருக்கேன்" என்றேன். கைப்பிடியை விரித்தார், இரண்டு பக்கத் திருகையும் இறுக்கினார், பேட்டரியைப் போட்டார், சாவி, பட்டன், லீவர். எல்லாம் சரியான வரிசை. ஒரு முனகல்கூட இல்லை. லீவரை விட்டார், கைப்பிடியை லேசாக ஆட்டினார், மறுபடி இழுத்தார். இல்லை. பேட்டரியில் உள்ள சின்ன பட்டனை அமுக்கிப் பார்த்தேன், நாலு விளக்கில் மூன்று எரிந்தது.

அவர் கைப்பிடியை ஆட்டியதை நான் பார்த்தேன். பார்த்தும் மனதில் வாங்கிக்கொள்ளவில்லை. இதற்குத் திரும்ப வருகிறேன்.

பேட்டரியைக் கழற்றி மெஷினைச் சாய்த்தேன். அடியில் காய்ந்த புல் வறட்டி மாதிரி இரண்டு விரல் தடிமனுக்கு ஒட்டியிருந்தது. மரத்துண்டால் சுரண்டி எடுத்தேன். கையுறை போட்டுப் பிளேடைச் சுற்றிப் பார்த்தால் லகுவாகச் சுற்றியது, பேரிங்கில் கரகரப்பு இல்லை. வெள்ளத் தண்ணீர் மோட்டாருக்குள் போயிருந்தால் மூடிக்குள் வண்டல் கோடு தெரிய வேண்டும். சக்கர அச்சில் மட்டும் துரு இருந்தது, அதற்கு மேல் தண்ணீர் ஏறிய அடையாளமே இல்லை. வெள்ளம் காரணம் இல்லை என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது.

கைப்பிடியில் உள்ள சுவிட்ச் பெட்டியில் ஆறு திருகு. திறந்தால் உள்ளே சிற்றெறும்பு. பொடி மண்ணைக் கொண்டுவந்து மூலையில் நிரப்பி, அதற்குள் முட்டை வெள்ளை வெள்ளையாக, மைக்ரோ சுவிட்சின் லீவர் இடுக்கில் நசுங்கிச் செத்த எறும்பு ஏழெட்டு. நம் ஊரில் சுவிட்ச் போர்டு, பம்புசெட் ஸ்டார்ட்டர், ஏசி வெளி யூனிட் என்று எறும்பு ஏறிக் கான்டாக்டைக் கெடுப்பது தினம் பார்க்கிற விஷயம். இதுதான் என்று அப்போதே மனதில் முடிவு கட்டிவிட்டேன். பிரஷ்ஷால் துடைத்து, கான்டாக்ட் கிளீனர் அடித்து, காயவிட்டு மூடும்போது ஆறரை மணி, வெயில் தாழ்ந்துவிட்டது. பேட்டரியைப் போட்டு இழுத்ததும் முதல் இழுப்பிலேயே ஓடியது. டீச்சர் காபி கொடுத்தார், கூலி கொடுத்தார், வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் போன். "தம்பி, பழையபடி ஆயிட்டு."

பேட்டரி மேல் உள்ள வழக்கு

இந்தத் தடவை பேட்டரியையும் சார்ஜரையும் கடைக்கு எடுத்து வந்தேன். டீச்சர் கூடுதலாக ஒரு தகவலும் சொன்னார்: சாயங்காலம் கொட்டகையில் சார்ஜ் போட்டால் சார்ஜரில் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிகிறது, ராத்திரி எப்போதோ தானாகப் பச்சைக்கு மாறிவிடுகிறது. முந்தைய கடைக்காரர் பேட்டரி போய்விட்டது என்று சொன்னதற்கு இந்தச் சிவப்பு விளக்குதான் ஆதாரம்.

பேட்டரி டெர்மினலில் நேராக அளந்தால் 39.8 வோல்ட். இந்த பேட்டரி பேக்கில் நேராக அளக்க முடிகிறது. சில பேக்குகள் மெஷினோடு பேசாமல் வோல்டேஜைக் காட்டாது, அதைப் பார்த்து பேட்டரி செத்தது என்று எழுதிவிடக் கூடாது. ஆனால் சும்மா அளக்கும் வோல்டேஜை நம்பியும் முடிவு சொல்லக் கூடாது, விளக்கு மூன்று எரிவதையும் அப்படியே. இரண்டும் சுமை இல்லாதபோது சொல்கிற கணக்கு. பேட்டரிக்கு வேலை கொடுத்துவிட்டுக் கேட்க வேண்டும்.

என்னிடம் பெரிய டெஸ்டர் எதுவும் இல்லை. பழைய 12 வோல்ட் 55 வாட் ஹெட்லைட் பல்பு மூன்றை வரிசையாக இணைத்தேன், மூன்றும் சேர்ந்து 36 வோல்ட் சுமை ஆகிவிடும். ஓடு பதித்த தரையில், பக்கத்தில் எதுவும் இல்லாமல் வைத்துத்தான் செய்ய வேண்டும், பல்பு கை சுடும். சுமை கொடுத்ததும் 39.8 என்பது 38.9 ஆனது. ஒரு வோல்ட்கூட இறங்கவில்லை. ஒரு செல் வரிசை பலவீனமாக இருந்தால் இந்த இடத்திலேயே வோல்டேஜ் இன்னும் நிறைய விழுந்திருக்கும். முழு சார்ஜ் போட்டு, பேட்டரி தானாக வெட்டிக்கொள்ளும் வரை ஓடவிட்டேன். 43 நிமிடம் எரிந்தது, சராசரி 4.3 ஆம்பியர். கணக்குப் போட்டால் 3.1 ஏ.எச். 4 ஏ.எச். பேட்டரி மூன்று வருஷம் ஓடியபிறகு முக்கால் பங்குக்கு மேல் மிச்சம் வைத்திருக்கிறது. இதை யாரும் செத்த பேட்டரி என்று சொல்ல முடியாது. 11,000 ரூபாய் பென்ஷன் பணம் என்று நினைத்தபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. இந்த 43 நிமிடச் சோதனையை எந்தக் கடையிலும் செய்ய முடியும்.

அப்படியானால் சிவப்பு விளக்கு? பேக்கில் பிளஸ், மைனஸ் தவிர 'டி' என்று ஒரு பின் இருக்கும். உள்ளே சூடு பார்க்கிற தெர்மிஸ்டர் அதில்தான் இணைந்திருக்கிறது. 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டும் வகை, சூடு ஏற ஏற ஓம் குறையும். கடையில் காலையில் அளந்தால் 6.9 கிலோ ஓம். கிட்டத்தட்ட 33 டிகிரி. அதே பேக்கை டீச்சர் வீட்டுக் கொட்டகையில் மதியம் முழுக்க வைத்துவிட்டு சாயங்காலம் போய் அளந்தேன், 4 கிலோ ஓம். 47 டிகிரிக்குப் பக்கம். தகரத்துக்கு மேலே மேற்கு வெயில், உள்ளே காற்றுக்கு வழியில்லை, ஏறாமல் என்ன செய்யும். லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது என்பது பொதுவான வரம்பு. சார்ஜர் மறுத்தது அதன் வேலையைச் சரியாகச் செய்ததால். ராத்திரி ஆறியதும் தானே சார்ஜ் ஏற்றிக்கொண்டது.

இங்கே நான் மறுபடி தப்பான முடிவுக்குப் போக இருந்தேன். சூடுதான் காரணம், பேட்டரியை வீட்டுக்குள் வைக்கச் சொல்லிவிட்டால் முடிந்தது என்று டீச்சருக்குப் போன் போடப் போனேன். ஒரு விஷயம்தான் தடுத்தது. 45 டிகிரி என்பது சார்ஜ் ஏற்றுவதற்கான வரம்பு. ஓட்டுவதற்கான வரம்பு பொதுவாக 60 டிகிரி வரை இருக்கும். 47 டிகிரியில் சார்ஜர் மறுக்கலாம், மெஷின் மறுக்கக் காரணம் இல்லை. என் விளக்கம் சிவப்பு விளக்கை முழுசாக விளக்கியது, ஸ்டார்ட் ஆகாததைத் தொடவே இல்லை. பாதிக் கேள்விக்குப் பொருந்துகிற பதில்தான் என்னை அதிகமாக ஏமாற்றியிருக்கிறது, இந்தத் தொழிலில் இருபது வருஷமாகப் பார்க்கிறேன்.

மாற்றிப் போட்டுப் பார்த்தது

அண்ணாச்சியிடம் ஒத்துழைப்புக் கேட்டேன். முதல் நாள் மெஷின் வழக்கம்போல் கொட்டகையில், பேட்டரி மட்டும் வீட்டுக்குள் ஹாலில். சாயங்காலம் ஐந்து மணிக்குக் குளிர்ந்த பேட்டரியைச் சூடான மெஷினில் போட்டோம். ஓடவில்லை. மறுநாள் நேர்மாறாக. மெஷின் வீட்டுக்குள் ஹாலில் மின்விசிறிக்குக் கீழே, பேட்டரி கொட்டகையில். சாயங்காலம் தொட்டால் கதகதவென்று இருந்த பேட்டரியைக் குளிர்ந்த மெஷினில் போட்டோம். முதல் இழுப்பில் ஓடியது.

இரண்டு சாயங்காலம், ஒரு ரூபாய் செலவில்லை, பேட்டரி மேல் இருந்த வழக்கு தள்ளுபடி. சூடு நிச்சயமாகச் சம்பந்தப்பட்டிருக்கிறது, ஆனால் பேட்டரி சூடாவது இல்லை, மெஷின் சூடாவதுதான். முதல் நாள் நான் எறும்பைத் துடைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தபோது ஏன் ஓடியது என்பதும் புரிந்தது. ஐந்து மணியிலிருந்து ஆறரை வரை அதை நிழலில் போட்டுத்தான் வேலை பார்த்தேன். ஆறிவிட்டது, ஓடியது. எறும்பு இருந்தது உண்மை, அதைச் சுத்தம் செய்தது நல்லது, கோளாறு அது இல்லை.

மெஷினில் எந்த இடம் என்று யோசித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது அண்ணாச்சிதான் சொன்னார். "தம்பி, ஆட்டினா சில நேரம் கிளம்பும். முன்ன வந்தவங்ககிட்டயும் சொன்னேன், அவங்க பேட்டரியத்தான் பாத்தாவ." அவர் சேரன்மகாதேவிப் பக்கம் வயல் வேலை செய்து வளர்ந்தவர், கார், பிசானம் என்று இரண்டு நெல் போகமும் பார்த்த கை. மம்பட்டி பிடியில் ஆட்டம் வந்தால் பூணைப் பார்ப்பவர் இதை மட்டும் கவனிக்காமல் இருப்பாரா? தினமும் அந்தக் கைப்பிடியைப் பிடிப்பவர் அவர்தான். "எந்தப் பக்கம் ஆட்டணும் அண்ணாச்சி?" என்றேன். "எடது பக்கம், இந்த மடிப்புகிட்ட" என்று கையை வைத்துக் காட்டினார்.

சுவிட்ச் பெட்டியிலிருந்து கீழே கன்ட்ரோலருக்குப் போகிற மெல்லிய நாலு கோர் ஒயர் (உள்ளே நாலு தனித்தனிக் கம்பி) இடது பக்கக் குழாய் வழியாகத்தான் இறங்குகிறது. மோட்டாருக்கு வேண்டிய பெரிய கரண்ட் அதில் போவதில்லை, லீவரை இழுத்தாச்சு என்ற செய்தி மட்டும்தான் போகும். அந்த ஒயர் மடிப்பில் வளைகிற இடத்தில் குழாயோடு சேர்த்து ஒரு கேபிள் டை, இறுக்கி முறுக்கிக் கட்டியிருந்தது. ஒயர் தொங்கக் கூடாது என்று மெஷினைப் பொருத்திய அன்றைக்கே யாரோ கட்டியிருக்க வேண்டும். மூன்று வருஷமாக வாரத்துக்கு நாலு தடவை மடித்து விரிக்கும்போதெல்லாம் அந்த ஓர் அங்குல நீளம்தான் முழு வளைவையும் தாங்கியிருக்கிறது.

சந்தேகம் சரிதானா என்று பார்க்காமல் வெட்ட மனம் வரவில்லை. பேட்டரியைக் கழற்றிவிட்டு ஒயரின் மேல் முனைக்கும் கீழ்முனைக்கும் மல்டிமீட்டரை, தொடர்பு இருந்தால் பீப் அடிக்கிற நிலையில் வைத்து மாட்டினேன். நாலு கோரையும் ஒவ்வொன்றாக. நிழலில் நாலும் பீப் அடித்தது. மதியம் இரண்டு மணி வெயிலில் முற்றத்தில் நிறுத்தினோம். இருபது நிமிடம் கழிந்ததும் லீவர் சுவிட்சுக்குப் போகிற ஒரு கோரில் சத்தம் நின்றது. டீச்சர் பிரிட்ஜிலிருந்து ஐஸ் கட்டி எடுத்து பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார். அதை முதலில் சுவிட்ச் பெட்டி ஓரம் வைத்தேன், ஒன்றும் இல்லை. குழாயின் நடுவில், அங்கேயும் இல்லை. மடிப்பில் வைத்து ஒரு நிமிடம் ஆகியிருக்கும், விட்டுவிட்டுக் கத்த ஆரம்பித்து அப்புறம் ஒரே சீராக அடித்தது. ஐஸை எடுத்தோம். கொஞ்ச நேரத்தில் மறுபடி மௌனம். டீச்சர் மறுபடி வைக்கச் சொன்னார், மறுபடி கத்தியது. மூன்று பேரும் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றோம்.

கேபிள் டையை வெட்டி, அந்த இரண்டு அங்குலத்தை எடுத்து பிளேடால் உறையைக் கீறினேன். வெளி உறையில் ஒரு கீறல்கூட இல்லை, லேசாக வெளிறியிருந்தது, அவ்வளவுதான். உள்ளே சிவப்புக் கோரின் செம்பு இழைகள் எல்லாம் ஒரே இடத்தில் ஒடிந்திருந்தன. ஒடிந்த இடத்துக்கு இரண்டு பக்கமும் செம்பு பச்சையும் கருப்புமாக மங்கிப்போயிருக்க, முனைகள் மட்டும் ஒன்றோடொன்று உரசி உரசிப் புதுச் செம்பு மாதிரி மினுங்கின. மூன்று இழை முனைகள் ஊசிபோல் கூர்ந்திருந்தன. காலையில் மெஷினை ஓட்டியது அந்த மூன்று இழை ஒன்றையொன்று தொட்ட தொடுதல்தான்.

சூட்டில் ஏன் விட்டது என்றால், ஒயரின் மேலுறை பிளாஸ்டிக், அது செம்பைவிடப் பல மடங்கு விரியும். ஓர் அடி ஒயர் 25 டிகிரி கூடுதலாகச் சூடானால் உறை ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் நீளும். முழு ஒயருக்கு அது ஒன்றும் ஆகாது. ஒடிந்த செம்புக்கு அரை மில்லிமீட்டர் என்பது ஆறு கடந்து போவது மாதிரி. கூடவே உறை இளகிவிடுவதால் முனைகளைச் சேர்த்து அமுக்கிப் பிடிக்கிற இறுக்கமும் போய்விடுகிறது. ராத்திரி ஆறினால் சுருங்கி மறுபடி தொட்டுக்கொள்ளும். சாயங்காலம் கைப்பிடியை ஆட்டினால் தற்செயலாகத் தொடும், அண்ணாச்சி சொன்னது அதுதான்.

சரிசெய்தது

ஒடிந்த இடத்தை மட்டும் முறுக்கி டேப் சுற்றினால் ஆறு மாதத்தில் பக்கத்திலேயே ஒடியும். மடிப்புக்கு மேலே ஒரு சாண், கீழே ஒரு சாண் விட்டு பழைய ஒயரை முழுசாக வெட்டி எடுத்தேன். 0.5 சதுர மில்லிமீட்டர் சிலிக்கோன் உறை போட்ட ஒயர், நிறைய மெல்லிய இழை உள்ளது, நாலு கோருக்கும் அதையே போட்டேன். ஒடிந்தது ஒன்றுதான் என்றாலும் மீதி மூன்றும் அதே வளைவில்தான் மூன்று வருஷம் இருந்திருக்கின்றன. பற்றவைத்து, ஒவ்வொன்றுக்கும் சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கிற ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், மேலே மொத்தமாக ஒரு ஸ்லீவ். இரண்டு முனையிலும் நாலு பற்றவைப்பும் ஒரே இடத்தில் வராமல் தள்ளித் தள்ளி வைத்தேன், ஒன்றோடொன்று தொட்டால் லீவரை இழுக்காமலே மெஷின் கிளம்பும் அபாயம் உண்டு. மடிப்பில் உள்ளங்கை அகலத்துக்குத் தளர்வான வளையம் விட்டேன். மடிப்பிலிருந்து பத்து சென்டிமீட்டருக்குள் எதையும் கட்டவில்லை. மூடுவதற்கு முன்னால் லீவரை விட்டால் பிளேடு உடனே நிற்கிறதா என்று ஐந்து தடவை பார்த்தேன், சுவிட்ச் ஒயரில் கைவைத்தால் இதைப் பார்க்காமல் கொடுக்கவே கூடாது. சாமான் செலவு 140 ரூபாய்.

இந்தத் தடவை ஓடியதும் நம்பிப் போகவில்லை. அண்ணாச்சியிடம், வெயில் இருக்கிற நாளாகப் பார்த்து சாயங்காலம் மட்டும் ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள், பத்து தடவை ஓடினால்தான் கணக்கு என்று சொன்னேன். கொட்டகைச் சுவரில் கரித்துண்டால் கோடு போடுகிறேன் என்றார்.

பேட்டரியும் சார்ஜரும் இப்போது ஹாலில் அலமாரிக்குக் கீழ்த்தட்டில் இருக்கின்றன. வெட்டி முடித்த கையோடு சார்ஜ் போடாமல் அரை மணி நேரம் ஆறவிட்டுப் போடுகிறார்கள். சீக்கிரம் ஆறட்டும் என்று டீச்சர் ஒருநாள் பேட்டரியை பிரிட்ஜில் வைக்கட்டுமா என்று கேட்டார், வேண்டவே வேண்டாம் என்றேன். வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் பனித்து போர்டைக் கெடுத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் புல் கிடுகிடுவென்று வளரும், ஆனால் ஈரப் புல்லை வெட்ட முடியாது, அடியில் அப்பிக்கொண்டு மோட்டாரைத் திணறடிக்கும். ஆக மெஷின் வாரக்கணக்கில் சும்மா கிடக்கும். அப்போது பேட்டரியை முழு சார்ஜிலும் விடக் கூடாது, காலியாகவும் விடக் கூடாது. நாலு விளக்கில் இரண்டு எரிகிற அளவில் வைத்துவிட்டு மாதம் ஒரு தடவை பட்டனை அமுக்கிப் பார்த்தால் போதும். காலியாகப் போட்டு மாதக்கணக்கில் மறந்த பேட்டரியைச் சார்ஜரே ஏற்காது, அதுதான் நிஜமாகச் செத்த பேட்டரி. சுவிட்ச் பெட்டியின் அடி இடுக்கில் எறும்பு ஏறும் வழியை அண்ணாச்சி மெழுகு வைத்து அடைத்திருக்கிறார், ஈரம் வடிய ஓர் ஓட்டையை மட்டும் விட்டுவிட்டு.

மழைக்காலம் முடிந்து அந்தப் பக்கம் போனபோது கொட்டகைச் சுவரைப் பார்த்தேன். பத்து கோடு என்று சொல்லியிருந்தேன், அவர் நிறுத்தவே இல்லை, ஐந்தைந்தாகக் கட்டி முப்பத்தெட்டு கோடு. ஒரே ஓர் இடத்தில் மட்டும் கோட்டுக்குப் பதில் வட்டம். என்ன அண்ணாச்சி என்று கேட்டேன். புல்லுக்குள் கிடந்த தென்னம்பாளை பிளேடில் சிக்கி நின்றுபோன நாளாம். சாவியையும் பேட்டரியையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் எடுத்தேன் என்றார்.